கழுத்தைத் தொடாதீங்க, டாக்டர்!

ட்ரிங்... ட்ரிங்...

காலை ஒன்பது மணி. கதிரியக்க மருத்துவப் பிரிவில் டாக்டரம்மா போனை எடுத்தார்.

"இன்னிக்கு ஒரு பொம்பளைக்குத் தைராய்டை எரிக்கற கேப்ஸ்யூல் குடுக்கப் போறீங்கல்ல?"

ஆண் குரல். வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்!

"யாரு நீங்க?"

"குடுக்காதீங்க! முதல்ல ஸ்கேன் எடுங்க! அவ கழுத்துல ஒண்ணுமே இல்ல!"

டொக்.

டாக்டர் போனை முறைத்தார். மிரட்டல் போன்கள் அவருக்குப் புதிதல்ல. ஆனால் சரியான பரிசோதனையைச் செய்யச் சொல்லி மிரட்டியவன் இவன்தான் முதல்.

ஃபைலைப் புரட்டினார். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கம். அடியில் வேறொரு டாக்டரின் கிறுக்கல்: 'கதிரியக்க அயோடின் கேப்ஸ்யூல் கொடுத்துவிடவும்.' வேறு எதுவுமே இல்லை!

பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். வயது நாற்பத்து நாலு. டிரைவிங் லைசென்ஸ் தேர்வு நடத்தும் அதிகாரி. ஊரில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சிகப்பு லைட்'. அவளைத் தாண்டி யாரும் போனதில்லை.

கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. நாடித் துடிப்பு நூற்று முப்பது!

"ஏஸியைக் கூட்டுங்க டாக்டர்!"

"ஐயோ அண்ணி, குறைக்கச் சொல்லுங்க..."

துணைக்கு வந்த நாத்தனார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்றாவது நிமிடம் குறட்டை.

"கேப்ஸ்யூலை விழுங்கினா உங்க சுரப்பி நிரந்தரமா போயிடும்மா. அப்புறம் ஆயுசு முழுக்க மாத்திரைதான். அதனால இன்னும் சில டெஸ்ட் எடுத்துட்டு..."

"எடுங்க. டெஸ்ட் வைக்காம நான் ஒரு ஸ்கூட்டரைக்கூட ரோட்ல விட்டதில்ல."

"முதல்ல கர்ப்பமான்னு பார்க்கணும்."

"இந்த வயசுலயா?"

"ரூல்ஸ்மா."

'ரூல்ஸ்' என்றதும் சிகப்பு லைட் எழுந்துவிட்டாள். அந்த வார்த்தைக்கு அவள் எதிர்ப்பேச்சு பேசியதே இல்லை.

கர்ப்பம் இல்லை. ஸ்கேனுக்கான கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டார்கள். இருபது நிமிடம் கழித்துக் கேமரா கழுத்துக்கு மேல் வந்து நின்றது.

திரையைப் பார்த்த டாக்டர் திடுக்கிட்டார்!

அதிகமாக வேலை செய்யும் சுரப்பி என்றால் பளிச்சென்று தெரிய வேண்டும். இங்கே... இருட்டு. சுத்தமான இருட்டு! சுரப்பி வேலையே செய்யவில்லை.

'அவ கழுத்துல ஒண்ணுமே இல்ல!'

மதியம் இன்னொரு ரத்த முடிவு வந்தது. சுரப்பி தானாக ஹார்மோன் விட்டால் கூடவே ஒரு புரதமும் ரத்தத்தில் கலக்கும். அது மிக மிகக் குறைவு.

"அம்மா... உங்களுக்குத் தைராய்டு நோயே இல்ல. யாரோ உங்களுக்குத் தைராய்டு மாத்திரையைக் கலந்து குடுக்கறாங்க!"

சிகப்பு லைட்டின் முகம் வெளுத்தது.

"இப்படியே போயிருந்தா இதயம் நின்னுருக்கும். உங்க வீட்ல தைராய்டு மாத்திரை யார் சாப்பிடறாங்க?"

அவள் மெல்லத் திரும்பினாள். நாத்தனார் குறட்டையை நிறுத்தியிருந்தாள்!

"நான் தினம் ரெண்டு சாப்பிடறேன்... அதுக்காக? அண்ணி, என்னை அப்படிப் பார்க்காதீங்க! சத்தியமா நான் இல்ல!"

அழுகை. அது கூட மெதுவாகத்தான் வந்தது.

டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். வீங்கிய முகம். கரகரத்த குரல். ஏஸி அறையில் சால்வை!

"இவங்களுக்கும் ரத்தம் எடுங்க."

முடிவு வந்தது. தலைகீழ்! ஒருத்திக்கு ஹார்மோன் வழிகிறது. இன்னொருத்திக்குச் சொட்டு இல்லை.

"நீங்க மாத்திரையே சாப்பிடலையே!"

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்! அண்ணன்தான் தினமும் ரெண்டு மாத்திரையைக் கையில வச்சுக் குடுப்பான். மூணு மாசமா அப்படி ஒரு பாசம்!"

"உங்க அண்ணிக்கு டீ யாரு போடறாங்க?"

"அதுவும் அண்ணன்தான் போடறான்... மூணு மாசமா..."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்தது! மூச்சிரைக்க அவள் அண்ணன். சிகப்பு லைட்டின் புருஷன்.

"கேப்ஸ்யூலைக் குடுத்துட்டீங்களா டாக்டர்?!"

கைக்குட்டை இல்லாவிட்டாலும் அதே குரல்.

"குடுக்கல. காலையில நீங்க போன் பண்ணினீங்களே!"

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். தங்கை அவரைப் பார்க்கவே இல்லை.

"அப்ப எனக்கு இத்தனை நாள் குடுத்தது என்ன மாத்திரை?"

"விட்டமின்... உன் மாத்திரையை அண்ணி டீயில போட்டேன்."

"ஏன்?" சிகப்பு லைட் கேட்டாள். குரல் நடுங்கியது. இந்த முறை ஹார்மோனால் அல்ல. "இருபது வருஷம் ஒண்ணா வாழ்ந்திருக்கோம். என்னைக் கொல்ற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்?"

"கொல்லவா? ஐயோ இல்லம்மா! எட்டு தடவை! லைசென்ஸ் டெஸ்ட்ல சொந்தப் புருஷனை எட்டு தடவை ஃபெயில் பண்ணியே! நீ ரெண்டு மாசம் மெடிக்கல் லீவுல போனா வேற ஆபீஸர் வருவாரு, நான் பாஸாயிடுவேன்னு பார்த்தேன். சுரப்பியை எரிக்கப் போறாங்கன்னு நேத்துதான் தெரிஞ்சுது. ராத்திரி பூரா தூங்கல..."

நிஜமாகவே அழுதார்.

டாக்டர் போனை எடுத்தார். "போலீஸைக் கூப்பிடறேன்."

"வேண்டாம் டாக்டர்." சிகப்பு லைட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாத்திரையை நிறுத்தினா சரியாயிடும்ல? கடைசி நேரத்துல பதறிப்போய் ஓடி வந்திருக்காரு. அந்த ஒரு மனசுக்காக மன்னிச்சுடறேன்."

புருஷன் நன்றியோடு நிமிர்ந்தார்.

"இவ்வளவு அவசரமா எதுலங்க வந்தீங்க? ஆட்டோவா?"

"ஆட்டோவுக்கு எங்க நேரம்? நம்ம கார்லதான்..."

"டிரைவர் யாரு?"

அவர் கார் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

சிகப்பு லைட் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"போலீஸைக் கூப்பிடுங்க டாக்டர்!"