கன்னத்தெலும்பில் ஒரு கூவல்

பாட்டு நின்ற பிறகும் சுஜாவின் கன்னத்தெலும்பு அதிர்ந்துகொண்டிருந்தது.

ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் குளத்தங்கரையில் மூச்சு வாங்க நின்றபோதுதான் அதைக் கவனித்தாள். பாட்டெல்லாம் முடிந்து கைப்பேசியின் திரை இருண்டிருந்தது. மதகில் தண்ணீர் விழுகிற சத்தமும், வாழைத்தோப்புப் பக்கம் ஒரு மயில் அகவியதும், பின்னால் மகள் நந்தனாவின் சின்னச் சைக்கிள் மண்ணை அரைத்துக்கொண்டு வருவதும் காதில் தெளிவாகவே விழுந்தன; அவற்றுக்கெல்லாம் அடியில், காதுக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில், தாடைக்குச் சற்று மேலே, யாரோ வெகுதூரத்தில் வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுப்பதுபோல ஒரு மெல்லிய நடுக்கம் இருந்தது. புது ஹெட்செட், இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஓடுகிறாயா மாத்திரை போடுகிறாயா என்று டாக்டர் கேட்டதிலிருந்து விடிகாலையில் ஓட ஆரம்பித்திருந்தாள். கணவன் அனீஷ் மஸ்கட்டில் இருந்தான். வீட்டில் அவளும் ஏழு வயது நந்தனாவும் மட்டும்தான். தூங்குகிற பிள்ளையைத் தனியே போட்டுவிட்டு வர மனம் வராமல், அதையும் எழுப்பிச் சைக்கிளோடு கூட்டி வந்துவிடுவாள். ஒருபுறம் தாமரை மூடிய குளம், மறுபுறம் வயல், நடுவே ஒற்றை வண்டி போகிற கரை. பாட்டில்லாமல் சுஜாவுக்கு ஓட்டம் வராது. காதை அடைத்துக்கொண்டு ஓடினாலோ, பின்னால் வருகிற பிள்ளை குளத்தில் விழுந்தாலும் தெரியாது.

"வெளிச் சத்தத்த சுத்தமா அறுத்துப் போடுத ஹெட்செட் இங்க கிடைக்கும், ஆள்வசம் குடுத்து விடுதேன்" என்று அனீஷ் வீடியோவில் பெருமையடித்தான்.

"எனக்கு வெளிச் சத்தம் வேணும்ங்க. பிள்ள கூப்பிட்டா கேக்கண்டாமா?"

அப்படித்தான் கோட்டாறில் இஸ்ரவேலின் செல்போன் கடைக்குப் போனாள். அவன் மூன்று நான்கு வகைகளைக் கண்ணாடி மேசையில் பரப்பினான். காதுமடலில் கவ்வுகிற ஒன்று, தலையை ஆட்டியதுமே கழன்று விழுந்தது. இன்னொன்று வியர்வைக்குத் தாங்காது என்று அவனே சொன்னான். கடைசியாக, பிடரியைச் சுற்றி வளைந்து, காதுக்கு முன்னால் கன்னத்தெலும்பில் இரண்டு சின்ன வில்லைகளாக உட்காருகிற ஒன்றை எடுத்து மாட்டிவிட்டான்.

"காதத் தொடவே தொடாதுக்கா. எலும்பு வழியாத்தான் பாட்டு போவும். காது ரெண்டும் சும்மா தொறந்து கெடக்கும்."

பாட்டும் கேட்டது, தெருவில் ஆட்டோக்காரன் யாரையோ வைவதும் கேட்டது. சுஜாவுக்கு ஒரே ஆச்சரியம்.

"இப்பக் காதப் பொத்திப் பாருங்க."

பொத்தினாள். பாட்டு சட்டென்று பெருகி மண்டை முழுக்க நிறைந்தது.

"பொத்துனா கூடும்" என்று இஸ்ரவேல் சிரித்தான். "வெளிய உள்ளது நின்னு போவும்லா, உள்ள உள்ளது மட்டுந்தான் கேக்கும்."

அவளும் சிரித்தபடியே வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது கரையில் நிற்கையில், அந்த நடுக்கம் மெல்ல நீண்டு ஒரு குரலானது. ஊ...ய். மதகுப் பக்கமிருந்து யாரோ கூவுகிற குரல்.

அந்தப் பக்கத்து வயற்காட்டில் இது தினமும் உள்ளதுதான். மடை திறக்க இருட்டில் தண்ணீருக்குள் இறங்குகிறவர் முதலில் ஒரு கூவல் விடுவார். கேட்டவர் யாரானாலும் பதிலுக்குக் கூவ வேண்டும். கரையில் ஆள் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். கூவலுக்குப் பதில் கொடுக்காமல் போகிறவரை ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். வயலில் பிறந்து வளர்ந்த சுஜாவுக்கு இது தும்மலைப்போலத் தானாக வருகிற பழக்கம். யோசிக்கவே இல்லை. கையை வாயருகே குவித்து, "ஊ...ய்" என்று பதில் கொடுத்தாள்.

நந்தனா சைக்கிளை நிறுத்தினாள். "ஆருக்கு எம்மா கூவுன?"

"மதகுல ஆளு கூவுச்சுல்லா மக்களே, கேக்கல்லியா?"

"ஆரும் கூவல்லியே. நீதான் கூவுன."

சுஜா மதகைப் பார்த்தாள். வெளுத்துக்கொண்டு வந்த வெளிச்சத்தில் மதகின் கல்லும், அதில் உட்கார்ந்திருந்த ஒரு கொக்கும் நன்றாகத் தெரிந்தன. ஆள் இல்லை. தன் காதுகளும் எதையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஹெட்செட்டைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். கன்னத்தெலும்பு மறுபடியும் அதிர்ந்தது. ஊ...ய். இந்த முறை அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அன்றோடு ஓட்டத்தை நிறுத்தினாள். ஹெட்செட் அலமாரியில் கிடந்து சார்ஜ் தீர்ந்து செத்தது. கூவல் சாகவில்லை. பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் திருத்தும்போது, எலும்புக்குள் அந்த மூச்சு இழுபடும்; குரல் எழும்; எழுந்து அடங்கிய பிறகு ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளிதான் அவளை வாட்டியது. பதிலுக்குக் காத்திருக்கிற இடைவெளி அது. பதில் சொல்ல அவள் தொண்டை தானாகவே மேலேறும். முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பல்லில் குளத்துச் சேற்றின் ருசி ஏறியது, எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் போகவில்லை.

முதலில் தாடையோரத்தில் இருந்தது. பிறகு நெற்றிப்பொட்டுக்கு வந்தது. காதைப் பொத்தினால் மண்டை பிளக்கிற மாதிரிப் பெருகியது. மற்ற எந்தச் சத்தத்திலிருந்தும் மனிதர் தப்பிக்கச் செய்கிற ஒரே காரியம், இதைக் கிட்டத்தில் கூட்டி வந்தது. அடுக்களை மூலையில் காதைப் பொத்துவதும் பதறிக் கையை எடுப்பதுமாக அவள் நிற்பதை நந்தனா வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

தக்கலையில் காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை என்றார். காதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

"அந்த எழவத் தூக்கித் தூரப் போடு, சரியாயிரும்" என்றான் அனீஷ்.

"அதுல இல்லங்க இப்ப. எனக்குள்ள இருக்கு. நீங்க ஒருக்கா வந்துட்டுப் போவ முடியாதா?"

"லீவு கெடைக்காதுட்டி" என்றான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்தும் அவன் என்ன செய்ய?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மின்விசிறிக்கடியில் நந்தனா அவள் மேல் சாய்ந்து, கன்னத்தோடு கன்னம் வைத்துப் படுத்திருந்தாள். பாதித் தூக்கத்தில் பிள்ளை சொன்னது:

"எம்மா, ஒனக்க தலைக்குள்ள ஆரோ கூவுதாவ."

சுஜா பிள்ளையைத் தள்ளிவிட்டாள். கட்டில் விளிம்பு வரை உருண்டுபோன நந்தனா, திகைத்து, பிறகு உதடு பிதுங்கி அழுதாள். சுஜாவுக்குப் புரிந்துவிட்டது. எலும்பிலிருந்து எலும்புக்குப் போகும். தொட்டால் போகும். அப்படியானால் தொடக் கூடாது, அவ்வளவுதான். தனக்கு என்ன வந்தாலும் வரட்டும், பிள்ளைக்குப் போகக் கூடாது.

அன்றிலிருந்து தனித்தனிப் பாய். முத்தம் இல்லை, மடியில் தலை வைப்பது இல்லை. நந்தனா கிட்டே வந்தால் இவள் ஒரு கையை நீட்டித் தடுப்பாள். இருட்டில் பிள்ளை விசும்புகிற சத்தமும் எலும்புக்குள் கூவலும் மாறி மாறிக் கேட்கும். பெற்ற பிள்ளையைத் தேற்ற முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லையென்று அவளுக்குத் தோன்றியது.

பள்ளிக்கூட நாள் ஒன்றின் காலை. தோசைக்கல் அடுப்பில் இருந்தது. சுஜா தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டி, மகளுக்கு இரட்டைச் சடை பின்னி முடித்தாள். பொட்டு வைக்க முகத்தைத் திருப்பினாள்.

"எம்மாக்கு என்னப் பிடிக்கல்ல, அப்பிடித்தானே?" என்றாள் நந்தனா. கண் நிறைந்திருந்தது.

"அப்பிடியெல்லாம் இல்ல மக்களே..."

சொல்லி முடிக்குமுன் பிள்ளை பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. நெற்றி நெற்றியில் இடித்தது. பிய்த்து எடுக்க வேண்டும் என்று சுஜாவின் கை எழுந்தது. எழுந்த கை, பிள்ளையின் முதுகைத் தொட்டதும், எத்தனையோ நாள் பசியில் அப்படியே அணைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம்தான். ஒரே ஒரு தடவைதான்.

சத்தம் நின்றது.

அவள் கண்ணை மூடினாள். தோசை சீறுவது கேட்டது. கொல்லையில் காகம். பால்காரனின் மணி. வெறும் காதால், காற்று வழியாக, பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சாதாரணச் சத்தங்கள். தலைக்குள் ஒன்றுமே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. தரையில் சாய்ந்து, அந்த அமைதியை வயிறு நிறையச் சாப்பிடுகிறவளைப்போல அனுபவித்துக்கொண்டு கிடந்தாள்.

தோசை கருகிய மணம் வந்தபோது எழுந்தாள்.

நந்தனா இல்லை. வாசல் திறந்து கிடந்தது. சைக்கிள் இல்லை.

ஓடினாள். செருப்பில்லாமல், ஒரு பாட்டும் இல்லாமல், இத்தனை நாள் ஓடிய எந்த ஓட்டத்தையும்விட வேகமாக ஓடினாள். தெரு முடிந்தது. கரை ஏறியது. நல்ல வெயில். வயலில் ஒருவரும் இல்லை. மதகடியில் சைக்கிள், ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நிறுத்தியிருந்தது. பக்கத்தில் பள்ளிக்கூடச் செருப்பு இரண்டும், கோயில் வாசலில் விட்டதுபோலச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

தாமரை இலைகளுக்கு நடுவே இரண்டு சடைகள். நெஞ்சளவுத் தண்ணீர்.

"நந்தனா!"

பிள்ளை திரும்பவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் காதில் அழுத்திப் பொத்தியிருந்தாள். நன்றாகக் கேட்பதற்காக.

"மக்களே! அம்மா இஞ்ச இருக்கேன்! இஞ்சப் பாரு!"

சுஜா குளத்தில் குதித்தாள். சேறு முழங்கால் வரை இழுத்தது. தாமரைக் கொடிகள் காலைச் சுற்றின. பிய்த்தாள். இன்னும் சுற்றின. மறுபடி கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கத்தியதெல்லாம் காற்றோடு போயிற்று. சின்ன விரல்கள் இன்னும் இறுக்கிக்கொண்டன.

நந்தனா தலையை நிமிர்த்தி, வாய் நிறைய மூச்சை இழுத்து, ஊரில் எல்லாப் பிள்ளைகளையும்போல அழகாகப் பதில் கூவினாள்.

"ஊ...ய்."

குளத்தின் நடுவில் தாமரை இலைகள் ஒவ்வொன்றாக இரு பக்கமும் விலகின. விலகியபடியே, அவசரமில்லாமல், பிள்ளையை நோக்கி ஒரு வழி நீண்டு வந்தது.