மாமாவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

அன்று காலை வடிவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவளுடைய செங்கல்வராயன் மாமா பள்ளிக்கூடத்தில் பேசப் போகிறார்!

மாமா வடிவின் அம்மாவுக்குத் தம்பி. பூந்தமல்லியிலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். அங்கே சண்டை மூண்டது. ஜப்பான் ராணுவம் அவரையும் மற்றத் தோட்டத்து ஆட்களையும் பிடித்து, பக்கத்து நாடான சயாமின் காட்டுக்குள் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனது. சோறும் மருந்தும் இல்லாமல் ஆயிரமாயிரம் பேர் அங்கேயே இறந்துபோனார்கள். சண்டை முடிந்த மறு வருஷம், 1946இல், மாமா எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார்.

வந்ததிலிருந்து அவர் சயாமைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. வடிவின் ஐந்தாம் வகுப்பு வீரராகவன் சார் வீட்டுக்கே வந்து, "பிள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்று கேட்டபோதுதான் தலையை ஆட்டினார்.

இப்போது அவர் வடிவின் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். அந்தச் சட்டைக்குள் இன்னொரு மாமாவும் நுழையலாம்.

"பயமா கீதா மாமா?" என்று வடிவு கேட்டாள்.

"கீது. ஆனா என்கூட இருந்தவங்களப் பத்திச் சொல்லியே ஆவணும் வடிவு. அவங்க செத்தது இங்க யாருக்கும் தெரியாது. நான் சொல்லலைன்னா, அப்படி ஆளுங்க இருந்ததே இல்லாமப் பூடும்."

பள்ளிக்கூடத்தில் வீரராகவன் சார் தடபுடலாக ஏற்பாடு செய்திருந்தார். வந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டாமா? பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, "எண் சொல்!" என்று கத்தினார்.

"ஒன்!" "டூ!" "த்ரீ!" பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். துலுக்கானம் கத்தியதில் கூரை மேல் இருந்த காக்காய் பறந்தே போய்விட்டது.

வடிவு மாமாவைப் பார்த்தாள். அவர் முதுகு விறைத்திருந்தது. கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. விறுவிறுவென்று நடந்து போய் வரிசையின் கடைசியில் நின்றார். கடைசிப் பையன் கத்தி முடித்ததும், ஏதோ புரியாத பாஷையில் தானும் ஒரு எண்ணைக் கத்தினார்.

துலுக்கானம்தான் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஓடினாள். மாமா ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார். வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க எங்களுக்குப் பேரே கெடையாது வடிவு" என்றார் மாமா. "வெடிஞ்சா வரிசைல நிக்கணும். ஜப்பான் பாஷைல நம்பர் கத்தணும். பக்கத்துல படுத்தவன் செத்துட்டா, அவன் நம்பர அடுத்தவன் கத்துவான். அவ்ளோதான், அவன் பேச்சே முடிஞ்சிது. அந்தச் சத்தம் கேட்டதும் என்னையும் அறியாமப் போய் நின்னுட்டேன்."

"நாளைக்கி வா மாமா. நம்பர் இருக்காது."

"அசிங்கமா கீது. சிரிக்கிறாங்களே."

"அவுங்களுக்குத் தெரியல மாமா. தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்கோ."

வடிவு திரும்பிப் போய், மாமா சொன்னதை அப்படியே வகுப்பில் சொன்னாள். வீரராகவன் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் மரியாதைன்னு நெனச்சேனேம்மா" என்றார். துலுக்கானம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வரிசை வேணாம் சார்" என்றாள் வடிவு. "எப்படிப் பண்ணணும்னு நான் சொல்றேன்."

மறுநாள் பிள்ளைகள் புங்கமரத்தடியில் இஷ்டம்போல உட்கார்ந்திருந்தார்கள். மாமாவுக்கும் நடுவில் இடம் விட்டிருந்தார்கள். சாரும் வேட்டியை மடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்.

வடிவு முதல் பையனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

"என் பேரு கலீலுல்லா. எங்க அத்தா அமீருதீன். கடைத்தெருவுல ஜவுளிக் கடை வெச்சிகீறாரு."

"என் பேரு நாகம்மாள். எங்க ஊடு அயனம்பாக்கம். எனக்கு நீச்சல் தெரியும்."

"என் பேரு துலுக்கானம்" என்று அவன் மெல்லச் சொன்னான். "எங்க எருமை நேத்து கன்னு போட்டுச்சு. நீங்க வந்தா சீம்பால் தரேன்."

ஒருவர் விடாமல் சொன்னார்கள். கேட்கக் கேட்க மாமாவின் தோள்கள் தளர்ந்தன. எருமைக்கன்றைப் பற்றிக் கேட்டபோது லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

எல்லோரும் முடித்தபின் மாமாவைப் பார்த்தார்கள். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"என் பேரு செங்கல்வராயன்" என்றார் மாமா. "எனக்குப் பக்கத்துல நின்னவன் பேரு பரந்தாமன். திருவேற்காட்டுக்காரன். அவன் குறட்டை உட்டா மூங்கில் குடிசையே ஆடும்."

பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று வடிவைப் பார்த்தார்கள். மாமாவே சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

"ஊருக்குப் போனா ரெண்டு மாடு வாங்கணும்னு சொல்லிகினே இருப்பான். மாட்டுக்குப் பேருகூட வெச்சிட்டான். எனக்குக் காய்ச்சல் வந்தப்போ அவன் கஞ்சில பாதிய எனக்குக் குடுத்தான். அப்புறம் அவனுக்கும் காய்ச்சல் வந்திச்சு. நான் பாதி குடுத்தேன். ஆனா அவன் பொழைக்கல."

நாகம்மாள் பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்தாள். மாமாவும் அழுதார். ஆனால் இம்முறை எழுந்து போகவில்லை.

மணி அடித்தது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஹோவென்று வீட்டுக்கு ஓடினார்கள். புங்கமரத்தடியில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. துலுக்கானம் மாமாவுக்குப் பக்கத்தில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

"பரந்தாமன் அண்ணனுக்கு அந்தாண்ட நின்னவரு பேரு இன்னா?" என்று கேட்டான்.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் பேரு எத்திராஜ்" என்றார்.