மூன்றாவது கார்டு

அன்று காலை மிளகு செய்த முதல் வேலை, அம்மாவின் ஷூக்களைத் திருடியது. திருடி, வாஷிங் மெஷினுக்குள் கிடந்த அழுக்குத் துணிக்கு அடியில் புதைத்து வைத்தாள்.

மிளகு அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆள் பொடிசு, வாயைத் திறந்தால் காரம். அதனால் அப்பா வைத்த பெயர். ஆனால் கொஞ்ச நாளாக அந்தக் காரத்தைக் காணோம். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே மிஞ்சியது. யாராவது கதவைச் சாத்தினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

எல்லாம் ஒரு கார்டால் வந்த வினை.

பிஸ்கட் பாக்கெட்டுக்குள் ஒரு கார்டு வரும். அதில் ஓர் அரக்கனின் படமும் அவனுடைய பலம் எவ்வளவு என்பதும் இருக்கும். மிளகின் பள்ளியில் எல்லாரும் அந்தக் கார்டுகளைச் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், விளையாடினார்கள். மிளகின் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் அதை வைத்து எதிர்காலம் சொல்ல ஆரம்பித்தான். உடனே அவனுக்கு ‘ஜோசியர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வகுப்பு ஆசிரியரே ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார்.

மைதானத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஜோசியர் உட்கார்ந்திருப்பான். தனித்தனியாகத்தான் போக வேண்டும். கார்டுக் கட்டைக் குலுக்கி நீட்டுவான். முதலில் எடுப்பது நேற்று, அடுத்தது இன்று, மூன்றாவது நாளை.

மிளகு எடுத்த மூன்றாவது கார்டில் இருள்வாயன் இருந்தான். கண் கிடையாது, மூக்கு கிடையாது, முகம் முழுக்க வாய்தான். அந்த வாய்க்குள் ஒரே கறுப்பு.

ஜோசியர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “உனக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அதை இவன் முழுங்கிடுவான். யார்கிட்டயும் சொல்லிடாத. சொன்னா உடனே பலிச்சிடும்.”

மிளகுக்கு ரொம்பப் பிடித்தது அம்மாவைத்தான். அம்மாவின் வேலையோ, உயரமான கட்டடங்களின் வெளிக்கண்ணாடியைத் துடைப்பது. மாடியிலிருந்து கயிற்றில் தொங்கும் ஓர் இரும்புத் தொட்டிலில் நின்றுகொண்டு துடைக்க வேண்டும். இன்று ஊரிலேயே உயரமான கட்டடத்தில் அம்மாவுக்கு முதல் நாள்.

வழுக்காத அடிப்பாகம் கொண்ட அந்த ஷூக்களை அம்மாவுக்குக் கம்பெனியில் கொடுத்திருந்தார்கள். அளவு கொஞ்சம் பெரிது. விரல் பக்கம் காகிதத்தை மடித்துத் திணித்துக்கொண்டுதான் போடுவாள். ஷூ இல்லையென்றால் அம்மா வேலைக்குப் போக மாட்டாள் என்பது மிளகின் கணக்கு.

அம்மா கட்டிலுக்கு அடியில் தேடினாள், அலமாரிக்குப் பின்னால் தேடினாள். பார்த்தாயா என்று மிளகிடம் கேட்டாள். மிளகு இல்லையென்று தலையை ஆட்டினாள். நேரமாகிவிட்டதே என்று முணுமுணுத்தபடி அம்மா மூலையில் கிடந்த பழைய ஷூக்களை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதன் அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

மிளகுக்குப் பகீரென்றது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தாள். ஷூவைக் கொடுத்தால், ஏன் ஒளித்தாய் என்று அம்மா கேட்பாள். கேட்டால் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் பலித்துவிடும். அவள் யோசித்து முடிப்பதற்குள் அம்மா தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

வகுப்பறை ஜன்னலிலிருந்து அந்தக் கட்டடத்தின் மேல்பாதி தெரியும். தொட்டில் எங்கும் தெரியவில்லை. வெளியே காற்று வேறு அடிக்க ஆரம்பித்தது. மரங்கள் ஆட ஆட, மிளகு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு ஆசிரியர் ஏதோ கேட்டதற்கு “ஷூ” என்று பதில் சொன்னாள். வகுப்பே சிரித்தது, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் மாடிப்படிக்கு அடியில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால், பள்ளி வேன் ஓட்டுநரின் மகள். இரண்டாம் வகுப்பு. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

“நான் வீட்டுக்கே போக மாட்டேன்,” என்றாள் அவள். “போனா என் பூனைக்குட்டி செத்துடும்.”

“யார் சொன்னா?”

“சொல்லக் கூடாது. சொன்னா இப்பவே செத்துடும்.”

மிளகுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்தக் குட்டியைச் சமாதானப்படுத்த ஒரே வழிதான் இருந்தது. தனக்கு வந்ததை இவளிடம் சொல்ல வேண்டும். ஆனால் அம்மா அங்கே மேலே நிற்கிறாளே, வழவழ ஷூவோடு. அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. குட்டி மறுபடி விசும்பினாள்.

“எனக்கும் இருள்வாயன்தான் வந்தான்,” என்று சொல்லிவிட்டு மிளகு கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

டமால் என்று ஒரு சத்தம். இருவரும் அலறிவிட்டார்கள். கூட்டித் துடைக்கும் அக்காவின் வாளி கவிழ்ந்திருந்தது, அவ்வளவுதான்.

“உனக்குமா?” என்றாள் குட்டி, அழுகையை நிறுத்திவிட்டு.

அப்போது மேல்படியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மிளகின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் பையன். அவனுக்கும் இருள்வாயன்தானாம். அவனுடைய அண்ணனுக்கும் அதுவேதானாம். அண்ணன் தூக்கத்தில் உளறியதைக் கேட்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. ஒருவனுக்கு மட்டும் முள்வாலன் வந்திருந்தான். மற்ற எல்லாருக்கும் இருள்வாயன்.

“ஒரே ஒரு வாயை வச்சுக்கிட்டு எத்தனை வீட்ல போய் முழுங்குவான்?” என்றாள் மிளகு. காரம் லேசாகத் திரும்பியிருந்தது.

எல்லாரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார்கள். கார்டுகளைப் படம் தெரியும்படி பரப்பிக் காட்டு என்று மிளகு கேட்டாள். ஜோசியர் முடியாது என்றான், முறைத்தான். கடைசியில் பரப்பினான். இருள்வாயன், நத்தையரக்கன், இருள்வாயன், இருள்வாயன், முள்வாலன், மறுபடியும் இருள்வாயன். அந்தக் கட்டுக்குள் பாதிக்கு மேல் அந்த வாய்தான்.

“உன்கிட்ட நல்ல கார்டெல்லாம் இருக்குமே, எங்க?” என்றாள் மிளகு.

“வீட்ல ஆல்பத்துல இருக்கு. இங்க கொண்டு வந்தா ஓரம் மடங்கிடும்ல?”

கார்டு சேர்க்கிற எவரும் அப்படித்தான் செய்வார்கள். நல்லதைப் பத்திரப்படுத்திவிட்டு, மிஞ்சியதைத்தான் வெளியே எடுத்து வருவார்கள். இருள்வாயனின் பலமோ வெறும் இரண்டு. நத்தையரக்கன்கூட அவனைத் தோற்கடித்துவிடுவான். அவனை வாங்கிக்கொண்டு யாரும் வேறு கார்டு தர மாட்டார்கள். அதனால் எல்லார் வீட்டிலும் அவன்தான் மிஞ்சிக் கிடந்தான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவன் ஜோசியரின் தலையில் குட்டக் கையை ஓங்கினான். மிளகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோசியர் அழுதுகொண்டிருந்தான்.

அவனுடைய அப்பா லாரி ஓட்டுகிறவர். வெளியூர் போய் வெகுநாளாகிவிட்டது. அவர் நல்லபடியாகத் திரும்புவாரா என்று பார்க்கத்தான் அவன் முதன்முதலில் கார்டு எடுத்தான். இருள்வாயன் வந்தான். தினமும் எடுத்தான், அநேகமாகத் தினமும் வந்தான்.

“நிறைய இருக்குன்னு எனக்கே தெரியும்,” என்றான் மூக்கை உறிஞ்சியபடி. “ஆனா எடுக்கறப்ப அது ஞாபகமே வராது. தனியா பயந்துட்டே இருக்க முடியல. அதான் எல்லாருக்கும் பாத்தேன்.”

“உங்கப்பா நேத்து போன் பண்ணாரா?”

“பண்ணாரு. ஹோட்டல் சாப்பாட்ல உப்பே இல்லன்னாரு.”

“முழுங்கப்பட்டவரு உப்பைப் பத்திப் பேசுவாரா?”

ஜோசியருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மிளகு தன் பையில் பத்திரமாக வைத்திருந்த, எல்லா அரக்கர்களையும் தோற்கடிக்கும் பொன்சிறகனை எடுத்து அவன் கார்டுக் கட்டுக்குள் செருகினாள். அவளிடம் இருந்த நல்ல கார்டு அது ஒன்றுதான். பதிலுக்கு ஒரு பிடி இருள்வாயன்களை அள்ளிக்கொண்டாள்.

கார்டு ஒன்றும் செய்யாது, சரி. ஆனால் ஷூவை ஒளித்தது மிளகுதானே. அந்தப் பயம் போகவில்லை, இன்னும் கூடியது. மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினாள். செருப்பு அறுந்தும் நிற்கவில்லை.

வாசலில் அந்தப் பழைய ஷூக்கள் கிடந்தன. உள்ளே அம்மா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மிளகு போய் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி ஷூவின் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவை மேலே ஏற விடவில்லையாம். நாள் முழுக்கக் கீழ்வாசல் கண்ணாடிக் கதவைத் துடைக்க வைத்தாராம். துடைக்கத் துடைக்க, வருகிறவர்கள் எல்லாம் கை வைத்துவிட்டுப் போனார்களாம்.

அந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷின் கடகடவென்று குதித்தது. அப்பா மூடியைத் திறந்து, சொட்டச் சொட்ட இரண்டு ஷூக்களை வெளியே எடுத்தார். அம்மா மிளகைப் பார்த்தாள். மிளகு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தால், திட்டவில்லை. “எனக்கும் மேல ஏறுறப்ப வயிறு கலங்கும்,” என்றாள். “அதனாலதான் பெல்ட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாக்கறேன். இந்த ஷூவைப் போடறேன். இனிமே பயம் வந்தா என்கிட்ட சொல்லு. ஷூவை விட்டுடு.”

மறுநாள் காலை ஷூக்கள் காய்ந்துவிட்டன. ஆனால் உள்ளே திணித்திருந்த காகிதம் கூழாகிப் போயிருந்தது. அம்மா வேறு காகிதம் தேடினாள். மிளகு ஓடிப்போய் இருள்வாயன்களைக் கொண்டு வந்தாள். அம்மா அவற்றை மடித்துத் திணித்து, காலை நுழைத்து, தரையில் அழுத்தமாக மிதித்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

முதல் பாடவேளையில் மிளகு ஜன்னல் வழியே பார்த்தாள். தொட்டில் மெல்ல இந்தப் பக்கமாக இறங்கி வந்தது. அதில் ஒரு மஞ்சள் தொப்பி. மிளகின் வயிறு லேசாகக் கலங்கத்தான் செய்தது. பக்கத்து பெஞ்சிலிருந்த ஜோசியரை முழங்கையால் இடித்தாள்.

“அங்க நிக்கிறாங்களே, அது எங்கம்மா,” என்றாள். “இருள்வாயன் அவங்க காலடியில மாட்டிக்கிட்டுத் திண்டாடறான்.”