அனுமதி முப்பத்தெட்டு

மிதி அடிவரை போய்விட்டது. வண்டி மட்டும் முப்பத்தெட்டைத் தாண்டவில்லை.

தரணி காலை எடுக்கவில்லை. ஐந்நூறு குதிரைத்திறன் கொண்ட அந்தச் சிவப்பு வண்டி, மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ வைத்து ஜோடித்த கார் போல அசைந்து அசைந்து பந்தயத் தடத்தைச் சுற்றி வந்து கொட்டகை முன் நின்றது. மேலே பெரிய திரையில் எல்லோருக்கும் தெரியும்படி எழுத்துகள் ஒளிர்ந்தன: அனுமதி 38.

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சாலைகளில் ஓடுபவை எல்லாம் தன்னோடிகள். ஏறி உட்கார்ந்து ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், தானே கொண்டுபோய் இறக்கிவிடும். கையால் ஓட்டும் ஆசை விடாதவர்களுக்கு வாரக்கடைசியில் மலைச்சாலைகளிலும் பந்தயத் தடங்களிலும் கையோட்டிகளை ஓட்ட அனுமதி உண்டு. ஆனால் ஒவ்வொரு கையோட்டியின் ஸ்டியரிங்கிலும் அச்சமானி இருந்தாக வேண்டும். உள்ளங்கை வியர்வை, நாடித்துடிப்பு, விரல் நடுக்கம் மூன்றையும் படித்து, ஓட்டுபவர் எவ்வளவு பயப்படுகிறாரோ அவ்வளவு வேகத்தை மட்டும் அது அவிழ்த்துவிடும். பயமில்லாதவன்தான் ஆளைக் கொல்கிறான் என்று நம்பியவர்கள் போட்ட சட்டம்.

அந்தச் சட்டம் வந்ததும் பந்தய உலகமே தலைகீழானது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்த இளவட்டங்கள் ஐம்பதில் ஊர்ந்தார்கள். பந்தயக்காரர்கள் வண்டி முகப்பில் பிள்ளைகளின் படங்களை ஒட்டிக்கொண்டார்கள். மூன்று முறை மாநிலக் கோப்பை வாங்கிய வசுமதி இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாய். ஓடுகிற மின்விசிறிக்கு அடியில் படுக்கக்கூடப் பயப்படுபவர். இப்போது பல்லடம் தாண்டி இந்தத் தடத்தை ஒட்டியே கையோட்டிகள் விற்கிறார்.

“தப்பா நெனைக்காதீங்க சார்,” என்றார் அவர். “இந்த வண்டியில உக்காந்தாலே பாதிப் பேரு அலறுவாங்க. உங்க நாடி என்னங்க, தூங்கறவங்க நாடி மாதிரி இருக்குது?”

தரணி தோளைக் குலுக்கினான்.

“ஏனுங் மாமா, கொஞ்சம் பயப்படுங்களேன்,” என்றான் கிருபா. தரணியின் மனைவி மேகலாவின் தம்பி. துணைக்கு என்று சொல்லி வந்திருந்தான். உண்மையில் தரணியைத் தனியாக எங்கும் விடக்கூடாது என்பது வீட்டில் முடிவாகியிருந்தது. “என்னைப் பாருங்க. பாப்பா பொறந்ததுல இருந்து எனக்கு இருநூத்தி முப்பது காட்டுது.”

“நீ எவ்வளவுல ஓட்டுவே?”

“முப்பது. அதுக்கு மேல போனா பயமா இருக்குமே!”

வசுமதி சிரித்தார். தரணி சிரிக்கவில்லை.

கார் பைத்தியம் மேகலாவுக்குத்தான். எந்த வண்டியின் முன்சக்கரம் திருப்பத்தில் சறுக்கும், எதன் பின்பக்கம் வெட்டும் என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பாள். பதினொரு மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, அலுவலக லிஃப்டில் நின்றபடியே சரிந்தாள். தலைக்குள் ஓர் இரத்தக்குழாய் வெடித்தது; பிழைக்கவில்லை. மருத்துவர் சொன்னதை எல்லாம் தரணி கேட்டுக்கொண்டான். படிவங்களில் கையெழுத்திட்டான். பத்தாம் நாள் வேலைக்குப் போனான். அதன்பிறகு எதுவும் அவனை வந்து தொடவில்லை. உப்பில்லாத குழம்பையும் ஒரே மாதிரி சாப்பிட்டான். வேகமாவது ஏதாவது செய்யும் என்று நினைத்துத்தான் இங்கே வந்தான்.

வந்தபிறகுதான் விதி தெரிந்தது. கையோட்டி வாங்க மூன்று சோதனை ஓட்டங்கள். தொடங்கினால் அன்றே முடிக்க வேண்டும். மூன்றிலும் நாற்பதுக்குக் கீழே வந்தால் உரிமம் இல்லை என்பதோடு போகாது. உயிர்ப்பற்றுக் குறைந்தோர் பட்டியலில் பெயர் ஏறும். வீட்டு அடுப்புக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டு விழும். நலத்துறை ஆள் ஒருவர் காலையும் மாலையும் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு வருடத்துக்கு.

“ரெண்டாவது ஓட்டத்துக்கு ஒரு யோசனைங்க,” என்றார் வசுமதி. “எங்காளுங்க எல்லாம் செய்யறதுதான். மனசுக்கு ரொம்பப் பிடிச்சவங்க படத்தை முன்னாடி வெச்சுக்குங்க. இவங்களைப் பாக்கத் திரும்பிப் போகணுமேன்னு ஒரு நெனப்பு வரும் பாருங்க, எண்ணு சும்மா எகிறும்.”

கிருபாவின் சட்டைப்பையில் ஒரு படம் இருந்தது. மேகலா ஏதோ ஒரு கண்காட்சியில் பந்தய வண்டிக்குள் உட்கார்ந்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள். நல்லது செய்வதாக நினைத்து அதை அவனே முகப்பில் ஒட்டினான்.

நீல நிற வண்டி. அறுநூறு குதிரைத்திறன். பாதித் தடம் போகும்போதே திரையில் எண் இறங்கத் தொடங்கியது. முப்பது. இருபத்தாறு. முடிவில் இருபத்தொன்று.

கிருபா படத்தை மெதுவாகப் பிரித்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்தப் படத்தைப் பார்க்கிறவனுக்குத் திரும்பிப் போக வேண்டிய இடம் வீடு இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“மாமா,” என்றான். வண்டிக் கதவைத் திறந்துவிட்டான்.

வசுமதி தொண்டையைச் செருமினார். “குதிரைத்திறனை விடுங்க சார். அது கண்காட்சிக்கு. ஓட்டறதுக்கு எடை கம்மியா இருக்கோணும். பின்னாடி ஒரு மஞ்சள் வண்டி கெடக்குது. பழசு. ரெண்டு வருஷமா உறை போட்டு மூடியிருக்குது. தரையோட ஒட்டிப் போகும். அதுல முப்பதே எண்பது மாதிரி தெரியும்.”

“சரி,” என்றான் தரணி. எதுவானாலும் சரி என்பது போல.

உறையை உருவியதும் தூசி பறந்தது. இரண்டே இருக்கைகள். கதவு, தகர டப்பா போல ஒலி எழுப்பிச் சாத்திக்கொண்டது. தரணி தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிடவில்லை. ஊர்ந்து போக எதற்கு? ஜன்னலும் திறந்தே இருந்தது. மிதியை வழக்கம்போல அடிவரை அழுத்தினான். முப்பத்தெட்டு. முதல் திருப்பம் வந்து, போயிற்று. நேர்ப்பாதை. அடுப்புக்குப் பூட்டுப் போட வருகிறவருக்குக் காப்பி எப்படிப் போட்டுக் கொடுப்பது என்று ஒரு நினைப்பு ஓடியது.

அப்போது ஏசி துவாரத்திலிருந்து இரண்டு மீசைகள் எட்டிப் பார்த்தன.

ஒரு கரப்பான். பெரியது. இரண்டு வருட அமைதி கலைந்த எரிச்சலில் வெளியே வந்து, முகப்பில் சற்று நின்று யோசித்து, ஸ்டியரிங் மேல் இறங்கியது.

தரணிக்குச் சின்ன வயதிலிருந்தே கரப்பான் ஆகாது. கல்யாணமான ஆறு வருடங்களிலும் அவன் கட்டில்மேல் ஏறி நிற்பான். செருப்பு மேகலாவின் இலாகா. பதினொரு மாதங்களாக எட்டாம் மாடியில் பூட்டிய வீட்டில் ஒன்றுகூட அவன் கண்ணில் படவில்லை. இப்போது அது அவன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தது. பிறகு சிறகை விரித்துப் பறந்து நேராக மூக்கில் உட்கார்ந்தது.

“மேகலா!” என்று அலறினான். “மேகலா, செருப்பு! செருப்ப எடு!”

கொட்டகை ஒலிபெருக்கியில் அந்த அலறல் அதிர்ந்தது. திரையில் எண் எழுபது, நூற்று நாற்பது, நூற்றுத் தொண்ணூற்றாறு என்று தாவியது. மிதி ஏற்கெனவே அடியில் இருந்தது. மஞ்சள் வண்டி பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. ஜன்னல் வழியே புகுந்த காற்றே கரப்பானை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

அவன் கண்ணைத் திறந்தபோது எதிரே இரண்டாம் திருப்பம் இருந்தது. டயர்ச் சுவர் அவனை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது.

செருப்போடு யாரும் வரப்போவதில்லை. பிரேக்கை அவன்தான் அழுத்த வேண்டும்.

அழுத்தினான். பின்பக்கம் வெட்டியது. மேகலா சாப்பாட்டுத் தட்டில் விரலால் வரைந்து காட்டிய மாதிரியே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தான். வண்டி புழுதியில் ஒரு சுற்றுச் சுற்றிச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

கிருபா செருப்பு நழுவ ஓடி வந்தான். தரணி வண்டிக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான்.

“என்னாச்சுங் மாமா? அக்காளக் கூப்பிட்டீங்க?”

“கரப்பான்டா.”

“கரப்பானா!”

“பறந்துச்சுடா.”

“பறந்துச்சுன்னா... அது கஷ்டந்தானுங்க,” என்றான் கிருபா மிகுந்த நியாயத்தோடு. “அதுக்கு எங்கக்கா கிட்ட செருப்பு கேட்டீங்களாக்கும்?”

தரணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க முகம் கோணி அழுகையாக மாறியது. பதினொரு மாதத்து அழுகை. கிருபாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். வசுமதி வந்து, பார்த்து, திரும்பிப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

“பூச்சிக்குப் பயந்தா அந்தக் கணக்குச் செல்லுமாங்க?” என்று கிருபா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“செல்லாமயும் போகலாமுங்க. ஆனா இதைப் பாருங்க.” வசுமதி கைத்திரையை நீட்டினார். “வண்டிக்குள்ள இருக்கற கேமராவுல பூச்சி வெளிய போனது நாப்பத்தோராவது வினாடி. அப்பவே எண்ணு விழுந்திருக்கோணும். விழல. ஏறியிருக்குது, இருநூத்திநாலு. அப்ப எதுக்கு சார் பயந்தீங்க?”

தரணி சுவரைப் பார்த்தான்.

“செத்துருவேன்னு,” என்றான்.

வசுமதி பெருமூச்சு விட்டுப் படிவத்தில் தேறியது என்று குறித்தார். “இதே வண்டி போதுங்களா? மருந்தடிச்சுத் தர்றேன்.”

“வேண்டாங்க. இன்னொண்ணு இருந்தா இருக்கட்டும்.”

அடுத்த சனிக்கிழமை காலை மஞ்சள் வண்டி ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் கிருபா. மடியில் முறுக்குப் பொட்டலம், காலில் கழற்றத் தோதாக ஒரு செருப்பு. முகப்பில் அனுமதி 211 என்று எரிந்தது.

ஓடிய வேகம் இருபத்தெட்டு.

முன்னால் பதினேழு கையோட்டிகள், பின்னால் இன்னும் அதிகம். சிவப்பு, நீலம், வெள்ளி. எல்லாவற்றிலும் அனுமதி இருநூறுக்கு மேல் இருந்தது. எல்லாம் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி, ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பி, நாகரிகமாக ஊர்ந்தன. வேகமாகப் போகக்கூடியவர் எல்லோரும் அங்கே இருந்தார்கள். போக விரும்பியவர் ஒருவரும் இல்லை.

ஒன்பதாம் வளைவில் ஒரு தன்னோடிப் பேருந்து எண்பதில் வந்து அத்தனை பேரையும் தாண்டிப் போனது. உள்ளே நாற்பது பேர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். பேருந்துக்கு அச்சமானி கிடையாது.

“அடேங்கப்பா! பயமே இல்லாமப் போகுது பாருங்க மாமா,” என்றான் கிருபா.

தரணி இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினான். உள்ளங்கைகள் நன்றாக வியர்த்திருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை மறுபடி இறுகப் பிடித்தான்.