எறும்பை யார் படிப்பது?

நான்காம் வகுப்புப் படிக்கும் சின்னவளுக்கு வீட்டில் கேள்வி மூட்டை என்று பெயர். அவிழ்த்துவிட்டால் திரும்பக் கட்டுவது கஷ்டம். ஆனால் அந்த விடுமுறை நாளில், அவளுடைய கேள்விகளைவிடப் பெரிய கேள்வி ஒன்றோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள் அக்கா.

பள்ளிப் படிப்பை முடித்த அக்காவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முழுக்க முழுக்கக் கணினி. அதிலும் கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு. இன்னொன்று, கணினியும் உயிரியலும் சேர்ந்த இரட்டைப் படிப்பு. எது வேண்டும் என்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது.

பஸ் ஓட்டும் அப்பா, ஒரே வழியாகப் போனால்தான் ஊர் போய்ச் சேரலாம் என்று காலையில் சொன்னார். தையல்கடை வைத்திருக்கும் அம்மா, இரண்டும் கையில் இருக்கட்டும் என்றாள். மதியத்துக்குள் ஒருவர் பேச்சில் மற்றவர் மயங்கி, இருவரும் கட்சி மாறிவிட்டார்கள். அக்காவுக்குத் தலை சுற்றியது.

“கம்ப்யூட்டருக்கு எப்படிக்கா பாக்கக் கத்துக்கொடுப்பே?” என்று அவிழ்ந்தது மூட்டை.

அக்கா ஜன்னலோரச் சுவரைக் காட்டினாள். அங்கே எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. செல்போனை எதிரே நிறுத்தி, தானே எழுதிய நிரலை ஓடவிட்டாள். கடந்துபோகும் எறும்புகளை அது எண்ணி எண்ணிக் கணினித் திரையில் காட்டியது.

மூட்டை வாயைப் பிளந்தாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தவள், பிறகு எறும்புகளையே பார்க்க ஆரம்பித்தாள். எதிரெதிரே வந்த இரண்டு எறும்புகள் நின்று, மீசையால் தொட்டுக்கொண்டு, விலகிப் போயின.

“ரெண்டும் என்னக்கா பேசிக்குது?”

“அங்கதான் தப்பு வருது,” என்றாள் அக்கா. இரண்டும் ஒட்டி நின்றால் நிரல் ஒன்று என்று எண்ணிவிடுகிறதாம். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவள், அம்மா கொண்டுவந்து வைத்த தேநீரைக்கூடக் கவனிக்கவில்லை. அது பாட்டுக்கு ஆறிப்போனது.

“அக்கா, செத்துப்போன எறும்ப ஒரு எறும்பு தூக்கிட்டுப் போகுது. எங்க கொண்டுபோகுது?”

அக்கா தலை நிமிரவில்லை. “ஐயோ, அத ஒண்ணுன்னு எண்ணணுமா, ரெண்டுன்னு எண்ணணுமா?”

மூட்டைக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பே அவளை யோசிக்கவும் வைத்தது. இவ்வளவு நேரமும் எறும்பைப் பற்றிக் கேட்டதெல்லாம் அவள்தான். அக்கா கேட்டதெல்லாம் எண்ணுவதைப் பற்றி.

“உனக்கு எதுக்குக்கா ரெட்டைப் படிப்பு?”

அக்காவின் விரல்கள் நின்றன. “உயிரியல்லயும் நல்ல மார்க் வாங்கியிருக்கேன். டீச்சரே பாராட்டினாங்க. அத அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

மூட்டைக்கும் பாவமாக இருந்தது. “அத யாரு விடச் சொன்னா? எறும்ப நான் பாத்துக்கிறேன். உனக்கு எப்பத் தெரியணுமோ அப்ப என்கிட்ட கேளு. எனக்கு எண்ணணும்னா உன்கிட்ட வரேன்.”

அக்கா திரையைப் பார்த்தாள். ஆறிப்போன தேநீரைப் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல்லூரியின் இணையதளத்தில் கணினி மட்டும் என்ற வழியைத் தேர்ந்தெடுத்து அழுத்தியபோது, காலையிலிருந்து இருந்த பாரம் இறங்கியது.

செய்தி கேட்டு ஓடிவந்த அப்பாவும் அம்மாவும், தாங்கள் அப்போதே அதைத்தான் சொன்னதாக ஒரே குரலில் சொன்னார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான்.

அக்கா சுவரோரம் வந்து மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சரி, சொல்லு. செத்த எறும்ப எங்க தூக்கிட்டுப் போகுதாம்?”

“இன்னும் தெரியலக்கா,” என்றாள் மூட்டை, எறும்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “என் படிப்பு இன்னைக்குத்தானே ஆரம்பிச்சிருக்கு.”