கதவு திறக்காத பகல்

மாலை 4.10. கடை வாசலில் கிடந்த தாவ்ஹூவைத் தூக்கியதும் கம்ரோனுக்குப் புரிந்துவிட்டது. நான்கு கால்களும் பலகைபோல விறைத்திருந்தன.

தாவ்ஹூ வெள்ளை நாய். கிழடு. சியாங் மாயின் அந்தச் சந்தில் நாய் படுக்காத இடம் கிடையாது. நடுத்தெருவில் படுக்கும், படியில் படுக்கும், நிறுத்திய வண்டிக்கு அடியில் படுக்கும். மனிதர்கள் சுற்றிப் போவார்கள், தாண்டிப் போவார்கள். யாரும் எழுப்புவதில்லை. பகலில் தாவ்ஹூவின் இடம், எப்போதும் திறந்திருக்கும் கடையின் தானியங்கிக் கண்ணாடிக் கதவோரம். அந்த இடுக்கில் குளிர்காற்று கசியும்.

கம்ரோன் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். நாய், அவன் மனைவி லாமை என்பவள் வளர்த்தது. இரவானால் அவர்கள் வீட்டு வாசலில் குறுக்கே வந்து படுக்கும். லாமை இறந்து நான்கு மாதம். அவளுடையது என்று அந்த வீட்டில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

நாயின் மூக்கருகே வெறும் மூங்கில் குச்சி ஒன்று கிடந்தது. கம்ரோன் அதை எடுத்துக்கொண்டு நேராக எதிர்ப்பக்கம் போனான். அங்கே இறைச்சி உருண்டை சுட்டு விற்கும் தள்ளுவண்டி. விற்கிறவள் நாங் ஹோம், எல்லைக்கு அப்பால் ஷான் மலையிலிருந்து வந்தவள்.

"என்னத்தடி கலந்து குடுத்த?"

"அண்ணே, சத்தியமா ஒண்ணும் கலக்கலண்ணே."

"நேத்து தண்ணி ஊத்தி விரட்டுனவதானே நீ? வா ஸ்டேஷனுக்கு."

கூட்டம் கூடியது. நாங் ஹோமின் தங்கும் அனுமதி போன மாதமே முடிந்திருந்தது. ஸ்டேஷன் வாசலை மிதித்தால் திரும்பி வருவது இந்தச் சந்துக்கு அல்ல, எல்லைக்கு.

4.25. முனையிலிருந்த போலீஸ் கூண்டிலிருந்து சார்ஜன்ட் நருமோன் வந்தாள். குனிந்து நாயின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு காகிதமாக வெளுத்திருந்தது. வாயில் நுரையில்லை, தரையில் வாந்தியில்லை.

"எப்பக் குடுத்த?" என்றாள் நாங் ஹோமிடம்.

"மூணு மணி இருக்கும் மேடம். நேத்து என் சக்கரத்துக்குக் குறுக்க படுத்துச்சுன்னு தண்ணி ஊத்திட்டேன். மனசு கேக்கல. அதான் ஒரு குச்சி கொண்டுபோய் மூக்குக்கிட்ட வச்சேன்."

"தின்னுச்சா?"

"கண்ணே திறக்கல. முழிச்சதும் தின்னட்டும்னு வந்துட்டேன்."

"பொய்! குச்சி காலியா கிடக்கு!" என்றான் கம்ரோன்.

"இந்தச் சந்துல குச்சியக் காலி பண்ண நாய்க்கா பஞ்சம்?" என்றாள் நருமோன்.

அடுத்தது வூத். ஆரஞ்சு சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரன்.

"மத்தியானம் நல்லா இருந்துச்சு மேடம். வெயில்ல தூங்குச்சு. பாவம்னு அட்டைப்பெட்டியக் கிழிச்சு மேல மறைச்சேன். துரை காதக்கூட ஆட்டல."

"தெனமும் வெயில்லதான் படுக்குமா?"

"அதெப்படி? அங்க வெயில் வந்ததும் எந்திரிச்சு என் வண்டி நிழலுக்கு வந்துரும். சவாரி வந்தா நான்தான் அதுகிட்ட லீவு கேக்கணும்."

"காலையில எதாச்சும் புதுசா நடந்துச்சா?"

"இவன் வண்டி கிளம்பல, அதான் புதுசு. செத்த பேட்டரி! ஐஸ இறக்கிட்டு முக்கிக்கிட்டு நின்னான். நான்தான் முன்னால நின்னு பின்பக்கமாத் தள்ளுனேன். சரிவுல உருட்டி ஸ்டார்ட் பண்ணுனான். 'எந்திரிங்க துரைமாரே'ன்னு கத்துனேன். படுத்திருந்த நாயெல்லாம் ஓடிருச்சு."

நருமோன் கடைக்குள் போனாள். கல்லாவில் கிட்டியா. காலையிலிருந்து அவள்தான்.

"கடைசியா அது நடந்து பார்த்தது எப்ப?"

"காலையில, மேடம். ஐஸ் வண்டி போன கையோட வந்துச்சு. வயிறெல்லாம் ஈரம். வாசலெல்லாம் ஈரக் கால். ரெண்டாவது தடவை மாப் போட்டேன்."

"மழை இல்லையே."

"அதான் எனக்கும் எரிச்சல். அப்புறம் படுத்துருச்சு. தொந்தரவே பண்ணல. மத்த நாள்ல வால ஆட்டுனா கதவு திறக்கும், சொறிஞ்சா திறக்கும். மணி அடிச்சுக்கிட்டே இருக்கும், ஏசியெல்லாம் வெளிய போகும். இன்னைக்கு ஆள் வந்தாத்தான் திறந்துச்சு. நிம்மதியா..." கிட்டியா நிறுத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

நருமோன் இன்னும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"லாமை இதை எப்படி எழுப்புவா?"

"பக்கத்துல வந்து காலால தரையில தட்டுவாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் பார்த்ததில்ல."

நருமோன் வெளியே வந்து நாயின் விலாப்பக்க முடியை விலக்கினாள். தோலோடு ஒட்டி, கறுப்பாக வண்டி மசகு.

5.05. கம்ரோனை மட்டும் கூண்டுக்குள் அழைத்து உட்காரவைத்தாள்.

"விஷம் இல்ல, கம்ரோன். மூணு மணிக்கு அந்தப் பொண்ணு உருண்டை வச்சப்ப அது செத்து ரொம்ப நேரம். அதான் அப்படி விறைச்சிருக்கு. வெயில் வந்தும் எந்திரிக்கல. கதவு திறக்கல."

"அப்ப யாரு?"

"மழையில்லாத நாள்ல வயிறு நனையணும்னா இந்தச் சந்துல ஒரே இடம்தான். ஐஸ் தண்ணி சொட்டுற உன் வண்டிக்கு அடியில."

கம்ரோன் தலையை ஆட்டினான். "இல்ல. அது எந்திரிச்சுரும். தெனம் ஹார்ன் அடிப்பேன், எந்திரிச்சுரும்."

"ஹார்னுக்கு இல்ல. எஞ்சின் ஓடும்போது தரை அதிரும், அதுக்கு. இன்னைக்கு எஞ்சின் ஓடல. வூத் கத்துனதுக்கு மத்ததெல்லாம் ஓடிருச்சு. இதுக்குக் காது கேக்காது. லாமைக்குத் தெரியும்."

மின்விசிறி சுற்றியது.

"என்னமோ இடிச்சுது," என்றான் கம்ரோன். "ஐஸ் மூட்டை சரிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டியிருக்கு. இருந்தும் எந்திரிச்சு, நடந்து, தன் இடத்துல வந்து படுத்திருக்கு. தூங்குதுன்னு சந்தே அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கு. நானும்தான். சோறு வாங்கப் போனேன்."

"காது கேக்காதுன்னு லாமை என்கிட்ட ஏன் சொல்லல?"

நருமோன் வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தாள்.

"வயசாகிச் செத்துருச்சுன்னு வெளிய சொல்லிரட்டுமா?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொன்னா அந்தப் பொண்ணத்தான் எல்லாரும் சந்தேகமாப் பாப்பாங்க" என்றான். எழுந்து வெளியே போனான்.

கூட்டம் விலகியது. நாங் ஹோம் அடுப்பை அணைத்து, சாமான்களைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வண்டிய ஏத்திட்டேன்," என்றான் கம்ரோன், எல்லாருக்கும் கேட்கும்படி. "இவ ஒண்ணும் பண்ணல."

"அய்யோ, தள்ளுனது நான்டா," என்றான் வூத்.

"தள்ளச் சொன்னது நான்."

தன்னைவிடச் சிறியவளுக்கு முதலில் கைகூப்பும் வழக்கம் அங்கே கிடையாது. கம்ரோன் நாங் ஹோமின் முன்னால் நின்று கைகூப்பினான். அவள் பதறிப்போய், பையைக் கீழே போட்டுவிட்டு, இன்னும் தாழ்வாகக் குனிந்து கைகூப்பினாள். பிறகு தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தாள். அவன் நாயை அதில் சுற்றினான்.

வண்டிச் சாவியை வூத்திடம் நீட்டினான். வூத் வாங்கவில்லை. கம்ரோன் அதைக் கடைப்படியில் வைத்துவிட்டு நடந்தான்.

சந்து முழுக்க நாய்கள் தூங்கின. கைகளில் தாவ்ஹூவோடு ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி நடந்தான். ஒன்றையும் எழுப்பவில்லை.

வீட்டு வாசலில் குறுக்கே எதுவும் கிடக்கவில்லை. அவன் நேராக உள்ளே போனான்.