வெள்ளவத்தையில் எரிந்த மீட்டர்

காலை பதினொரு மணிக்கு மீட்டர் செத்தது.

காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் ஓட்டோ நின்றது. ஸமீம் எஞ்சினை முடுக்கியதும் மீட்டரில் எண்கள் துள்ளின. திரை கறுத்தது. எரிந்த நாற்றம் கிளம்பியது.

ஓட்டோ பற்றரியின் நிலையைக் காட்டும் அந்தக் கருவி சுபோதினியின் இரண்டு வருட உழைப்பு. ஸமீம் அவளுடைய தொழில் பங்காளி. நிறைய ஓட்டோக்கள் வைத்திருக்கும், கொச்சிக்கடையைச் சேர்ந்த முதலாளி ஒருவர் அன்று பின்னேரமே அதைப் பார்க்க வருவதாக இருந்தார்.

"நீங்கதானே வயர் கொழுவினது? என்ன செய்தனீங்கள்?" சுபோதினி வெடித்தாள்.

"வழமையாக் கொழுவுறாப்போலதான் சுபோ." ஸமீமின் முகம் வெளிறியது.

செய்தி கேட்டுக் கல்கிசை அலுவலகத்திலிருந்து அவள் கணவன் கார்த்திகன் ஓடிவந்தான். "எந்நேரமும் ஸமீம், ஸமீம் எண்டு தலையில தூக்கி வைச்சீர். இப்ப பாத்தீரா?"

சுபோதினி தன் தோழி றேணுகாவை அழைத்தாள். எரிந்த இயந்திரங்களை ஆராய்ந்து காப்புறுதி நிறுவனங்களுக்குக் காரணம் சொல்வது றேணுகாவின் வேலை. அவள் வந்து, சுபோதினியும் ஸமீமும் வேலை செய்யும் மாடியறையின் மேசையில் மீட்டரைத் திறந்து, பூதக்கண்ணாடியால் பார்த்தாள்.

எஞ்சின் முடுகும்போது மின்னழுத்தம் சட்டென்று எகிறும். மீட்டருக்குள் இருக்கும் சிப் அதைத் தாங்காது. ஆகவே அதன் வாசலில் ஒரு சிறு டயோட். மிஞ்சிய அழுத்தத்தை அது வேறு வழியால் வடித்துவிடும்.

"டயோட்டின்ட ஒரு கம்பிக்கால் வெட்டியிருக்கு," என்றாள் றேணுகா.

எல்லோரும் ஸமீமின் கையிலிருந்த, வயர் வெட்டும் கட்டரைப் பார்த்தார்கள்.

"மீட்டர்ப் பெட்டியைத் திறந்தனீங்களா ஸமீம்?"

"ஓம். திறக்காம வயர் கொழுவ ஏலாதே."

"நீங்கள் கார்த்திகன்?"

"காலமை தொடக்கம் ஒபிஸ்ல. கேட்டுப் பாருங்கோ."

"சுபோ, கடைசியா எப்ப சோதிச்சனீர்?"

"நேற்றுப் பின்னேரம். கூடின வோல்டேஜ் குடுத்தும் தாங்கினது. பிறகு கார்த்தி வீட்டில உள்ளுக்கு வார்னிஷ் பூசிக் காயவைச்சவர், ஈரம் படாமல்."

றேணுகா பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டினாள். "வெட்டின முனையைப் பாரும். ஸமீம் இண்டைக்கு வெட்டியிருந்தால் அது வெறும் உலோகமா மினுங்கும். இதில முனைக்கு மேலயும் வார்னிஷ் இருக்கு. வெட்டின பிறகுதான் பூசியிருக்கு."

சுபோதினி குனிந்து பார்த்தாள். றேணுகா தொடர்ந்தாள்.

"டயோட் இல்லாட்டியும் மீட்டர் சும்மா நிக்கேக்க வேலை செய்யும். எஞ்சினை முடுக்கினால்தான் சிப் போகும். அந்த நேரம் பக்கத்தில நிக்கிறவருக்குப் பழி. வெட்டினவர் கல்கிசையில இருந்தாலே போதும், என்ன கார்த்திகன்?"

கார்த்திகன் கதிரையில் சாய்ந்தான். "வீட்டுக்கு வந்தாலும் அவன்ட கதை. இவ சிரிக்கிறதும் அவனோடதான். நான் என்னெண்டு கேட்டால், உங்களுக்கு விளங்காதாம்." சுபோதினியைப் பார்த்தான். "ஒருக்காவெண்டாலும் அவனில நீர் பிழை பிடிக்கோணும் எண்டு நினைச்சன்."

"காலமையே பிடிச்சிட்டன்," என்றாள் சுபோதினி. ஸமீம் பக்கம் திரும்பினாள். "என்னை மன்னியுங்கோ."

ஸமீம் மேசையின் லாச்சியைத் திறந்து புதுச் சிப்பையும் டயோட்டையும் எடுத்து வைத்தான். "முதலாளி வரமுந்தி மாத்திடலாம்."

"நான் உதவி செய்யட்டா?" கார்த்திகன் எழுந்தான்.

"வேண்டாம். நீங்கள் போங்கோ," என்றாள் சுபோதினி.

பின்னேரம் எஞ்சின் உறுமியது. எண்கள் துள்ளின, பிறகு அடங்கி நின்றன. முதலாளி தலையாட்டினார். "நல்லாயிருக்கு. இது ஆர் செய்தது?"

"நாங்கள் ரெண்டு பேரும்," என்றாள் சுபோதினி.

போக மனமில்லாமல் ஒழுங்கை முனையில் நின்ற கார்த்திகனுக்கும் அது கேட்டது.